கட்டில் சத்தமும் அந்த இரும்புத் துண்டும்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். எனக்கு இன்னிக்கு மதியம் டூட்டி, வர ராத்திரி ஆயிடும்.

பழைய இரும்புக்காரர் வருவார். நான்தான் வரச் சொன்னேன். ஓட்டை வாளியை மட்டும் குடுங்க. சதுர ஓட்டை போட்ட அந்த இரும்புத் துண்டைக் குடுத்துடாதீங்க. அதைத் தூக்கிப் போடச் சொல்லி உங்க உயிரை எடுத்தவளும் நான்தான், தெரியும்.

அது மோட்டார் பார்ட்டும் இல்ல, லாரி பார்ட்டும் இல்ல. இது என்னன்னு நீங்க ஊரெல்லாம் காட்டிக் கேட்டீங்க, வீட்டுக்குள்ள கேக்கல. காலையில கட்டிலைத் துடைக்கும்போது அதோட கால்ல அலங்காரத்துக்கு வச்சிருந்த மரப்பூ கழண்டு கையோட வந்துடுச்சு. உள்ளே ஒரு போல்ட்டு, தலை சதுரமா. சும்மா உங்க இரும்பை மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு. நாலு கால்லயும் லூசா இருந்த போல்ட்டை இறுக்கி முறுக்கிட்டேன். கட்டிலை ஏத்திட்டு வந்த வண்டியில கிடந்துச்சுன்னா அது கட்டிலோடதா இருக்கும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணல பாருங்க.

நான் புரள்றதாலதான் கட்டில் சத்தம் போடுதுன்னு நீங்க, நீங்க புரள்றதாலதான்னு நான். அந்தச் சண்டையில கோவிச்சுக்கிட்டு நீங்க ஹால்ல போய்ப் படுத்தாச்சு. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. குறட்டை வேற விஷயம், அதை அப்புறம் பேசிக்கலாம்.

இரும்பு பீரோ மேல இருக்கு.

உங்க தலையணையை உள்ளே கொண்டுவந்து போட்டுட்டேன். நான் ரெண்டு பக்கமும் புரண்டு பார்த்தேன், சத்தமே இல்ல. ஆனா ஒருத்தி மட்டும் புரண்டு பார்த்தா எப்படி நம்புறது?