முங்கிப்போன சரக்குக்கு வரி

டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டு இரண்டாம் நாள். வெயில் வந்தும் வராமலும். ஆற்றுக் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது, வண்டல் போகவில்லை. கடைக்குள் கணுக்கால் அளவு சேறு. நானும் மெக்கானிக் செல்வமும் காலையிலிருந்து மண்வெட்டியால் வாரினோம்.

நனைந்தவை: வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார், பதினான்கு. அதை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டர் பெட்டி, முப்பது. கேபிள் சுருள், எண்ணவில்லை. பில் புத்தகங்கள். என் நல்ல செருப்பு.

சேதம் பார்க்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வாசலிலேயே நின்று போட்டோ எடுத்தார். "தண்ணியில வேலை செய்யற மோட்டார்தானேம்மா, நனைஞ்சா என்ன?" சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பேன்ட்டில் ஒரு பொட்டு சேறு இல்லை. டீ வேறு கேட்டார். கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து போன். "பயப்படாத நூரு, கவர்மென்ட்டு ஏதாச்சும் குடுக்கும்." பதினோரு வருஷமாகப் போனில்தான் கடை நடத்துகிறார்.

டிசம்பர் 5, வெள்ளி

கல்யாண மண்டபத்தில் வணிகர் கூட்டம். பேனர்: "வரி நிவாரணம் வழங்கியமைக்கு நன்றி." என்ன நிவாரணம் என்று யாருக்கும் தெரியாது, நன்றி மட்டும் அச்சடித்தாகிவிட்டது. சங்கத் தலைவர் கோவிந்தராஜ் வரி அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார். கோவிந்தராஜுக்கும் மோட்டார் கடைதான், பஸ் ஸ்டாண்டு பக்கம். அவர் சரக்கும் முங்கியது.

அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார். கணக்குத் தாக்கல் செய்யத் தேதி தள்ளிவைப்பு. தாமதக் கட்டணம் இல்லை. கைதட்டல்.

நான் எழுந்தேன். "சார், சரக்கு வாங்கறப்ப நாங்க கட்டுன வரியை, விக்கறப்ப கட்டற வரியில கழிச்சிக்கிறோம். இப்ப விக்கவே முடியாம அழிஞ்சு போச்சு. அதுக்கு?"

"கழிச்சத திருப்பிக் கட்டணும்மா. வித்தாதான் அந்தச் சலுகை. அழிஞ்ச பொருளுக்குக் கிடையாது. அதான் சட்டம்."

"அப்ப நிவாரணம்?"

"வட்டி இல்லாம கட்டலாமேம்மா."

முன்வரிசையில் யாரோ இதற்கும் கைதட்டினார்கள். வெளியே கேசரி கொடுத்தார்கள். சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 8, திங்கள்

தஞ்சாவூர். ஆடிட்டர் ஆபீஸ். ஏ.சி.யில் ஒன்றரை மணி நேரம் காக்கவைத்து மூன்று நிமிஷம் பேசினார்.

"அழிஞ்சதுன்னு ஏம்மா எழுதறீங்க? கம்மி வெலைக்கு வித்ததா பில்லு போட்டுடுங்க. சலுகை அப்படியே நிக்கும். எல்லாரும் அதத்தான் பண்றாங்க."

"வாங்க ஆள் வேணுமே சார்."

"உங்க சங்கத் தலைவரே எடுத்துக்கறாராம். பேசுங்க."

பேசி வைத்திருக்கிறார்கள். ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன். "அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? குடுத்துடு." சரி.

டிசம்பர் 9, செவ்வாய்

வானம் மப்பு. காலை பத்து மணிக்குக் கோவிந்தராஜ் டெம்போவோடு வந்தார். முதலில் பன்னிரண்டு ஸ்டார்ட்டர். மீதி நாளைக்கு.

"என்ன பண்ணப்போறீங்க இத?"

"பழைய இரும்புக்குத்தாம்மா. வேற என்னத்துக்கு ஆகும்?"

பழைய இரும்புக்குப் போகிற பெட்டியை யாரும் சாக்கு விரித்து, கீறல் படாமல் அடுக்கமாட்டார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பில்லில் கையெழுத்தும் போட்டேன்.

செல்வம் சாப்பிட்டுவிட்டு வந்து காலி அலமாரியைப் பார்த்தான். "யாருக்குக்கா குடுத்தீங்க? நேத்து ஒண்ணக் காயவச்சு ஓட்டிப் பாத்தேன். அஞ்சு நிமிஷம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்பறம் பெட்டி மேல கரண்ட்டு வந்துடுச்சு. தொட்டா ஆளு காலி."

சம்பா வயல் எல்லாம் தண்ணீரில் நிற்கிறது. பயிர் அழுகுவதற்குள் வடிக்க வேண்டும். ஈரக் காலோடு வரப்பில் நின்று ஈரக் கையால் அந்தப் பெட்டியைத் தொடுவார்கள். செல்வம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ராத்திரி உட்கார்ந்து, போன பெட்டிகளின் நம்பரை இருப்புப் புத்தகத்திலிருந்து எழுதி எடுத்தேன்.

டிசம்பர் 10, புதன்

கடை திறக்காமல் நேரே பஸ் ஸ்டாண்டு. கோவிந்தராஜ் கடை வாசலில் போர்டு: "வெள்ளத் தள்ளுபடி." என் பெட்டிகள் மேல் புதுச் சாம்பல் நிறப் பெயிண்ட், பளபளவென்று. பக்கத்திலேயே அவருடைய நனைந்த சரக்கு, அதே பெயிண்டில்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறது என்னம்மா வியாபாரம்?"

"இரும்புக்குன்னுதானே எடுத்தீங்க? உள்ள போட்டிருக்கற நம்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு. எவனாச்சும் செத்தா மொத ஆளா நான் போயி சொல்லுவேன். என் பில்லையும் காட்டுவேன்."

"நீங்களும் மாட்டுவீங்க."

"மாட்டிக்கறேன்."

பதினொன்று திரும்பி வந்தது. ஒன்று நேற்றே விற்றாகிவிட்டது. யாருக்கு என்று கேட்டால், ஞாபகமில்லையாம். பில் போடவில்லை போலிருக்கிறது. கடை ஆள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊர்ப் பெயரை முணுமுணுத்தான்.

செல்வத்தின் பைக்கில் போனேன். வடவாற்றைத் தாண்டி நாலு மைல், பாதி ரோடு இல்லை. குத்தகைக்குச் சாகுபடி பண்ணுகிற முருகையன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒரு மூங்கில் குச்சியால் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கி நிறுத்தினாள்.

"ஏன் குச்சி?" என்றேன்.

"சுருக்குன்னு அடிக்குதுக்கா. கடையில கேட்டதுக்கு, புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போகப்போக சரியாயிடும்னாங்க."

சத்தம் போட்டு அழுதிருப்பேன், செல்வம் இருந்தான். கரண்ட் போஸ்டில் மெயினை இறக்கிவிட்டு அவன் பெட்டியைக் கழற்றினான். மாடியில் வைத்திருந்ததால் நனையாத சரக்கில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், மாட்டினோம். முருகையனுக்குச் சந்தேகம். "இதுக்குத் தனியா துட்டு கேப்பீங்களா?" இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இந்தப் பெட்டி என் கடையிலிருந்துதான் போனது என்று சொன்னேன். அந்தப் பெண் குச்சியைக் கீழே போடவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

லேசான தூறல். ஆடிட்டருக்குப் போன்: செவ்வாய்க்கிழமை பில்லை ரத்து செய்யுங்கள், முப்பதும் அழிந்தது என்றே எழுதுங்கள், மோட்டாரும் அப்படியே, வரியைத் திருப்பிக் கட்டுகிறேன்.

"ஏம்மா வலியப் போயி..."

"எழுதுங்க சார்."

வளையல் இரண்டு அடகுக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ சொல்ற மாதிரியே செய்" என்றார். முதல் முறை.

பழைய இரும்புக்காரன் வந்தான். "ஒடைக்காம குடுத்தீங்கன்னா நல்ல வெலை போட்டுத் தரேன்." இவனுமா! சம்மட்டியை எடுத்து நானே உடைத்தேன், தெருவில் வைத்து. பதினெட்டாவதில் தோள் பிடித்துக்கொண்டது. மீதி செல்வம்.

மாலை கோவிந்தராஜ் ஆளனுப்பினார். ஊர் ஊராகப் போய் அவர் சரக்கைப் பற்றி அவதூறு பேசினேனாம். சங்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்களாம். எடுக்கட்டும். பொன்னாடை வாங்கும் செலவு மிச்சம்.

டிசம்பர் 12, வெள்ளி

நல்ல வெயில். ஷட்டரைத் தூக்கினால் வாசலில் நாலு பேர், சைக்கிளிலும் டி.வி.எஸ்.ஸிலும். ஆளுக்கொரு ஸ்டார்ட்டர் பெட்டி, எல்லாம் பளபளக்கும் சாம்பல் நிறம். ஒன்றுகூட என் கடையில் வாங்கியதில்லை.

"முருகையன் சொன்னாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா."

செல்வம் முதல் பெட்டியைத் திறந்தான். உள்ளே வண்டல், இன்னும் காயவில்லை. ரோட்டில் இன்னும் இரண்டு பேர் பெட்டியோடு திரும்புவது தெரிந்தது. மேசையைத் துடைத்து இடம் பண்ணினேன். வரிசையாக வைக்கச் சொன்னேன்.