சாப்பிட்டுட்டுப் போங்க அத்தை

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் போன பிறகும் வேறு பேர் வாயில் வரவில்லை. அங்கே சௌக்கியமா? சினிமா கினிமா உண்டா?

உங்கள் படம் வந்துவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் போஸ்டர். படம் நீங்கள் நினைத்த மாதிரியே வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திருமானூரிலிருந்து சென்னைக்குப் போய் டைரக்டர் ஆனவர் நீங்கள். முதலில் எடுத்ததெல்லாம் சிரிப்புப் படம். முதல் படம் அரியலூரில் ஓடியபோது, திரையைப் பார்க்காமல் ஜனங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்களே! மூன்றாவது படத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. போன் வருவதும் நின்றுபோனது. பெரம்பலூருக்கு வந்து கல்யாண வீடியோ எடுத்தீர்கள். வீட்டில் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உள்ளே எவ்வளவு வலித்ததோ, எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு தயாரிப்பாளர் பேய்ப் படம் எடுக்கக் கூப்பிட்டார். "சிரிக்க வைக்கிற ஆளுக்கு இதெல்லாம் வருமாங்க?" என்று கேட்டேன்.

"ஹாலிவுட்ல ஊமைப் படக் காலத்துலயே ரெண்டையும் எடுத்தவங்க இருக்காங்க தனம். சிரிப்போ பயமோ, ஆளு எதிர்பார்க்காத நேரத்துல கதவைத் திறக்கணும். அவ்வளவுதான்" என்றீர்கள்.

ரஞ்சன்குடிக் கோட்டையில் எடுத்த அந்தப் படம் ஓடியது. அந்தத் தெம்பில்தான் அதே தயாரிப்பாளருக்கு, சிரிப்பையும் பேயையும் சேர்த்து இந்தக் கடைசிப் படத்தை எடுத்தீர்கள். ஷூட்டிங் முடிந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் எடிட்டர் கதிர் போன் பண்ணினார். "அக்கா, கடைசிக் காட்சியைத் தூக்கச் சொல்றாங்க. மந்திரவாதி வந்து பேயை எரிக்கிற மாதிரி புதுசா எடுக்கப் போறாங்களாம்."

படத்துக்கே உயிரான அந்தக் காட்சியையா தூக்குவது? செத்துப்போன மாமியார் பேயாக வந்து வீட்டையே ஆட்டி வைக்கிறாள். எல்லாரும் ஓடிப்போகிறார்கள். மருமகள் மட்டும் நடுங்கிக்கொண்டே இலை போட்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க அத்தை" என்கிறாள். அந்த ஒரு இடத்துக்காகத்தானே நீங்கள் இந்தப் படத்தையே எடுத்தீர்கள்?

மறுநாளே சென்னைக்குப் போனேன். தயாரிப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பேயை விரட்டுறதைப் பாக்கத்தாம்மா ஜனங்க வராங்க."

"எனக்குப் பேய்னா உசுரே போயிடும் சார். ஆனா ஷூட்டிங்ல அந்த இடத்தைப் பாத்தப்ப நான் பயப்படல, அழுதுட்டேன். அரியலூர்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஜனங்களுக்குப் பிடிக்கலன்னா நீங்க சொல்றபடி மாத்திக்குங்க."

அவர் ஒத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டரில் இலவசமாகப் போட்டார்கள். நடுப்படத்தில் அலறல் தாங்கவில்லை. எனக்கு முன்சீட்டு அம்மா பக்கத்து ஆள் தோளையே பிடித்துக்கொண்டார்; அது யாரோ எவரோ.

கடைசிக் காட்சி வந்தது. பேய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றது. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அடுத்த வாய்க்கு மருமகள் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பேய் அவள் தலையைத் தொட்டது. முன்சீட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

தயாரிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இருக்கட்டும்மா. ஒண்ணும் மாத்த வேணாம்" என்றார்.

வெளியே வந்துதான் அழுதேன். அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்க நீங்கள் இல்லையே. இல்லை, எங்காவது ஓரமாக நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

உங்கள் பேர் படத்தின் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஆள், "கிளம்புங்கம்மா" என்கிறார். சொல்லட்டும். இந்தப் படம் எந்த ஊரில் ஓடினாலும் போவேன். உங்கள் பேர் மேலே போய் மறையும் வரைக்கும், சத்தியமாக, நான் எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
தனம்