அச்சுக்கு வேண்டாம்

தர்மபுரி,
14-9-1986

அன்புத் தம்பி ஜமீருக்கு அக்கா அமீருன்னிசா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் சுகம். ஜித்தாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கேட்கிறேன். முழங்கால் வலி முன்போலத்தான். பின்சுவரில் ஓதம் ஏறுகிறது. மழைக்கு முன் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. இது உன் கைக்குச் சேரும்போது வியாழக்கிழமை கடந்திருக்கும். மெட்ராஸ் ஆவணக் காப்பகத்துக்காரர்கள் வந்து கொள்ளுத்தாத்தாவின் காகிதங்களை எடுத்துப் போயிருப்பார்கள். அதனால் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பெரிய பெட்டியில் பதினாறு கட்டுகள் இருந்தன. அவர் நடத்திய 'பாராமகால் வர்த்தமானி' பத்திரிகை தொடங்கிய வருஷத்துக் கணக்குகள், ஏரி தூர்வாரியதற்கு வந்த பாராட்டுப் பத்திரங்கள், துரைமார் கடிதங்கள். எல்லாவற்றையும் துடைத்து வரிசைப்படுத்தினேன். பச்சைத் துணியில் சுற்றியிருந்த கட்டைப் பற்றித்தான் உனக்கு முன்பே எழுதியிருந்தேன். அப்போது நான் முழுவதும் படித்திருக்கவில்லை.

அவை தாது வருஷப் பஞ்சத்தின்போது பென்னாகரம் பக்கமிருந்து வந்த இருபத்து மூன்று கடிதங்கள். எழுதியவர் கருப்பண்ணன் என்ற வாத்தியார். வர்த்தமானிக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பியவர். பஞ்சம் வந்த பிறகு அவர் வேறு செய்தி எழுதவில்லை. அந்த வாரம் பாதையில் விழுந்து இறந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர். அவ்வளவுதான். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் நம் கொள்ளுத்தாத்தா தாவூது சாகிப் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: அச்சுக்கு வேண்டாம். அதே வாரத்துப் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். பென்னாகரம் பக்கம் ஜனங்கள் க்ஷேமம் என்று அச்சாகியிருக்கிறது.

அவர் அப்போது கஞ்சித்தொட்டிக் கமிட்டிக்குக் காரியதரிசி. கமிட்டிக்குக் கெட்ட பெயர் வந்தால் கஞ்சித்தொட்டியையே மூடிவிடுவார்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்திருக்கிறார். அது உண்மையா, மனசுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டின் அடியில் அவருடைய நோட்டுகள் ஏழு இருந்தன. அந்தப் பெயர்களையே தன் கையால் எழுதியிருக்கிறார், திரும்பத் திரும்ப, சாகிற வருஷம் வரைக்கும். கடைசி நோட்டில் எழுத்து வரியை விட்டு இறங்குகிறது. அஸர் தொழுதுவிட்டு மஃரிப் வரைக்கும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம், அல்லாஹ் பெயரைச் சொல்லி திக்ரு செய்கிறார் என்று வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்களாம் என்று அப்பா சொல்வார் இல்லையா? அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போது எனக்குத் தெரியும் ஜமீர்.

வாசகசாலைக்கு அவர் பெயர் வைக்கப்போகிறார்கள், பையன் உசேனுக்குப் பெண் பார்க்கிற நேரம், அந்தக் கட்டை அடுப்பில் போட்டுவிடு என்று எழுதியிருந்தாய். அப்பா மவுத்தான பிறகு உன் சொல்லை நான் தட்டியதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைத்து முதல் கடிதத்தைப் போட்டேன். காகிதம் கறுத்துச் சுருண்டது. எழுத்து மட்டும் போகவில்லை. கறுப்பின்மேல் வெள்ளிபோல மின்னிக்கொண்டு நின்றது. ஒன்பது பெயர்களையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இடுக்கியால் தொட்டேன், பொடியாகிவிட்டது. மற்றதைப் போடக் கை வரவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெயர்கள் என்னை விடவில்லை. முனியன், சின்னாயி, அவள் மகள் பொன்னி, ஏரியூர் மாரி. நாலுதான் ஞாபகம் இருக்கிறது. ஏழு நோட்டுகளிலும் தேடினேன், அவர் இரண்டாவது கடிதத்திலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறார், இந்த ஒன்பது பேர் அதில் இல்லை. பாத்திரம் கழுவும்போதும் தொழுகையில் நிற்கும்போதும் ஐந்தாவது பெயரின் பாதி வாய்க்கு வந்து நின்றுவிடுகிறது. ஓதின சூராவையே மறுபடி ஓதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மீதிக் கடிதங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பென்னாகரம் போய், அங்கிருந்து கூத்தப்பாடி போனேன். கருப்பண்ணனின் கடைசிக் கடிதத்தில் இறந்தவர்களோடு அவர் மனைவி பெயரும் இரண்டு பிள்ளைகள் பெயரும் இருந்தன. மீதி ஒரு பையனைக் கூத்தப்பாடியில் கொழுந்தியாள் வீட்டில் விட்டிருப்பதாகக் கீழே எழுதியிருந்தார். வாத்தியார் வூடு எது என்று கேட்டேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பையனின் பேத்தி ராமக்காள் இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பேப்பருக்கு எழுதிப் போட்டுக்கிட்டே இருந்தாராமுங்க. ஒண்ணுகூட வரலீங்களாம். பொய் சொல்றான், பசியில புத்தி கெட்டுப்போச்சுன்னு ஊருல பேசுனாங்களாம். அந்தப் பேச்சு எங்கப்பன் காலம்வரைக்கும் இருந்துச்சுங்க. நெசமாவே எழுதுனாருங்களா?" என்று கேட்டாள்.

கடிதங்களை அவள் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, நீங்களே படிங்க என்றாள். படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெயரைப் படித்ததும் பச்சியப்பன் என்ற பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "அது எங்க வூட்டு ஆளுங்க, எங்க போனாருன்னே தெரியாம இருந்துச்சு" என்றார். படித்து முடிக்கிறவரை அவர் உட்காரவில்லை.

முடித்ததும் ராமக்காள், "இவ்ளோதானுங்களா, இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன். பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொள்ளுத்தாத்தாவாவது கஞ்சித்தொட்டியைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் எதைக் காப்பாற்றினேன்?

அதனால் கட்டு வியாழக்கிழமை மெட்ராஸ் போகிறது. ஏழு நோட்டுகளும் போகின்றன. மேலே என் கையெழுத்தில் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தை எரித்தது நான், அதில் ஒன்பது பெயர்கள், எனக்கு நினைவிருப்பவை இந்த நாலு என்று எழுதியிருக்கிறேன். நீ எரிக்கச் சொன்னதாக எழுதவில்லை. தீயைப் பற்றவைத்தது என் கைதான். வாசகசாலைக்குக் கொள்ளுத்தாத்தா பெயரை வைப்பதும் விடுவதும் நகராட்சிக்காரர்கள் பாடு.

நாளைக் காலை பஸ்ஸில் மறுபடி கூத்தப்பாடி போகிறேன். ராமக்காளிடம் சொல்ல வேண்டும். அவள் வாசலைவிட்டுப் போகச் சொன்னாலும் சொல்லட்டும்.

என்மேல் கோபமாக இருப்பாய். கோபத்தோடாவது ஒரு வரி எழுது. உம்ரா போகும்போது எனக்காக துஆ கேள். பெயர் இல்லாமல் போன அந்த ஐந்து பேருக்கும் கேள்.

உன் மனைவி ஷரீபுன்னிசாவுக்கு என் சலாம். ஐந்து வேளையும் ஷரீபுன்னிசா, உசேன், நசீமா, சின்னவன் காதர் என்று பெயர் சொல்லித்தான் உங்களுக்காகக் கையேந்துகிறேன். ஒருவரையும் விடுவதில்லை.

உன் அக்கா,
அமீருன்னிசா