தாம்பரம் லைனைத் திறந்த வாரம்

5 நவம்பர் 1979, திங்கள்

விடியும்போதே மழை. கேம்ப் ரோடு முழுக்கத் தண்ணீர். குடைக்கம்பி ஒன்று போச்சு.

ஏதோ ஒரு கல்லூரிப் பையன் டெலிபோன் லைன் வழியாக எங்கள் சென்டர் கம்ப்யூட்டருக்குள் வந்து விளையாடிக்கொண்டிருந்தானாம். ஆபீசர் உத்தரவு: இனி கம்ப்யூட்டரில் புதுக் கணக்கு தொடங்கும் யாருக்கும், வெளியிலிருந்து டெலிபோனில் உள்ளே வரும் லைன் அனுமதி தானாகக் கிடையாது. கேட்டால்தான். மாற்றிவிட்டேன். சின்ன வேலை.

சாயங்காலம் என் மனைவி மெர்சி ஈரப் புடவையோடு வந்தாள். "காலேஜ் டெர்மினல்ல என் பேரை அடிச்சா உங்க கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேங்குதுங்க. வெள்ளிக்கிழமை தீசிஸ் கொடுக்கணும். கடைசி ப்ரோகிராம் இன்னும் ஓடலை."

"மழைல லைன் கோளாறா இருக்கும்" என்றேன். இன்று நான் மாற்றியது நினைவுக்கு வந்தது.

6, செவ்வாய்

என் தவறேதான். பழைய கணக்குகளில் லைன் அனுமதி என்ற இடம் காலி. காலியாக இருந்தால் மெஷின் பொது விதியைப் பார்க்கும். நான் மாற்றியது பொது விதியை. ஆக, பழைய ஆட்களும் வெளியே. எல்லாக் கல்லூரியும். தாம்பரத்தில் மெர்சியின் கல்லூரியும்.

ஆபீசரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "நல்லதாப் போச்சுப்பா. மெஷின் இப்பத்தான் மூச்சு விடுது. வேணும்ங்கறவங்க எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த மாசம் கமிட்டி பார்க்கும்."

"சார், என் ஒய்ஃபோட தீசிஸ்..."

"அதைத் திரும்பத் திறந்தியோ, அவ்வளவுதான். டெம்பரரி ஆளு நீ. ஞாபகம் வெச்சுக்க."

7, புதன்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ரொட்டி, மெர்சிக்குத் தலைவலி மாத்திரை.

லைன் இல்லாமல் சென்டரில் நேரில் துளைக் கார்டு கொடுத்து ஓட்டினால் வரிசை பத்து நாள். தீசிஸ் போகாவிட்டால் கல்லூரியில் அவளுக்கு வேலை நீட்டிப்பு இல்லை. மெர்சி சாப்பிடவில்லை. டெலிபோன் ஆபீசில் போய்ச் சண்டை போட்டாளாம். லைன்மேன் சொன்னது: "லைனு சோக்கா கீதும்மா. அந்தாண்ட இன்னா பேஜாரோ, அவுங்களைக் கேளு."

என்னைக் கேட்கவில்லை. நான் மழை என்றதை அப்படியே நம்புகிறாள். ஆண்டவரே, அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

8, வியாழன்

பல்லாவரத்தில் ரயில் நின்றே கிடந்தது. அங்கேயே முடிவெடுத்தேன். அவளுக்கு மட்டும் திறந்தால் திருட்டு. எல்லோருக்கும் திறந்தால், நான் கெடுத்ததை நானே சரிசெய்தது.

ஆபீசர் டீக்குப் போன நேரம். பொது விதியைப் பழையபடி மாற்றினேன்.

மத்தியானம் ஆபீசருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம்கூடப் போடவில்லை. "நாளைலேருந்து வராதே." திருப்பி மாற்ற அங்கே என்னை விட்டால் ஆள் கிடையாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

நேரே மெர்சியின் கல்லூரிக்கு. டெர்மினல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேப்பர் தரை வரைக்கும். இந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வந்துடுச்சுங்க! மழையும் இல்லை, லைனும் இல்லையாம். உங்க சென்டர்ல எவனோ ஒரு மடையன் எதையோ மாத்தி வெச்சிருந்தானாம். ப்ரொபசர் விசாரிச்சுச் சொன்னார். அவனையெல்லாம் வேலையை விட்டுத் தூக்கணும்."

"தூக்கிட்டாங்க" என்றேன்.