கேள்வி கேட்டுவிட்டு

ஜூலை 8

அச்சகத்து முதலாளிக்கு,

நலமா? இங்கே உடம்பு இருக்கிறது, தெம்புதான் இல்லை. ஓவிய, வடிவமைப்புப் பிள்ளைகளுக்குக் கோட்பாட்டு வகுப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டிருக்கிறார்கள். கை நிறையக் களிமண்ணோடு வருகிறார்கள், நான் வாயைத் திறந்ததும் கண்ணை மூடுகிறார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இன்று விரிவுரையை மூட்டை கட்டினேன். முதல்வர் அறை நாற்காலி, கேண்டீன் பிளாஸ்டிக் நாற்காலி, காவலாளியின் முக்காலி மூன்றையும் நடுவில் போட்டு, "உக்காந்து பாருங்க. இதைச் செஞ்சவர் உங்களை யாருன்னு நினைச்சிருப்பார்?" என்றேன். முடிவில், குறைகளைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு சீட்டில் இருந்தது: "கேள்வி கேக்கறீங்க. நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிடறீங்க."

அழுகை வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் டீச்சரம்மா

ஜூலை 15

டீச்சரம்மாவுக்கு,

அந்தச் சீட்டை எழுதிய பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். பதினோரு வருஷக் குடித்தனத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

இந்த வேலை கிடைத்த அன்று அடுப்பங்கரையில் நின்று, "நீங்களும் வர்றீங்களா?" என்றாய். நான் வாயெடுப்பதற்குள், "நீங்க எங்க வரப்போறீங்க, அச்சகத்தை யார் பாத்துக்கறது" என்று போய்விட்டாய். வருகிறேன் என்றுதான் சொல்ல இருந்தேன். நாலு வருஷம் ஆகிறது.

மிஷின் ஓடுகிறது, நானும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 29

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நாலு பதில் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நீங்கள் சொல்ல வேண்டியதையும் நானே எழுதியிருந்தேன்.

வகுப்பில் இப்போது கேள்வி கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பி இருபது வரை எண்ணுகிறேன். பன்னிரண்டுக்குள் யாராவது பேசிவிடுகிறார்கள். நேற்று அந்த முக்காலியைப் பற்றிய வாதத்தில் அடிதடி ஆகாத குறை.

என்னோடு இங்கே வந்து இருக்கிறீர்களா?

வேறொன்றும் எழுதவில்லை.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

மூன்று வாரம் ஒரு போன்கூடச் செய்யாமல் இருந்தாய். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே உன்னிடம் பூசி மெழுக மனம் வரவில்லை.

நான் வரவில்லை. அன்று நீ ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் வந்திருப்பேன். இப்போது கோபமெல்லாம் இல்லை, அலுத்துவிட்டது. தனியாக இருக்கப் பழகிவிட்டேன், அதைக் கலைத்துக்கொள்ளத் தெம்பில்லை. பீரோவில் இருக்கும் உன் துணிகளை இந்த வாரம் அனுப்பிவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னைச் சொல்லவிட்டதற்கு நன்றி.

இப்படிக்கு,
அச்சகத்துக்காரன்