ஸ்பேமுக்குப் போன அப்பாவின் மெயில்

அன்புள்ள அப்பா,

மைசூரில் நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஆஸ்லோவில் நான் சுகம்.

இங்கே வீட்டுக் கம்ப்யூட்டரில் லாட்டரி, கடன் என்று வேண்டாத மெயில்கள் குவிந்தன. எரிச்சலில் எல்லாவற்றையும் ஸ்பேம் என்று குறித்தபோது, நீங்கள் அனுப்பிய பூப்படத்தையும் சேர்த்துவிட்டேன். பிறகு வந்த உங்கள் மெயில்களும் ஸ்பேமுக்கே போயிருக்கின்றன. அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியதை இன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறன்று போனில் நான் எதுவும் விசாரிக்கவில்லை. அம்மா, "நீ வேலையா இருப்பே கண்ணா, பரவாயில்ல" என்றாள். எதற்கென்று அப்போது புரியவில்லை.

இப்போது போன் செய்தால் அழுதுவிடுவேன். அம்மாவும் அழுவாள், கண்ணுக்கு ஆகாது. அதனால்தான் எழுதுகிறேன். நஞ்சன்கூடு அத்தை துணைக்கு வந்தாளா? எனக்கு ரசப்பொடி வேண்டாம், அம்மா அடுப்பருகே போகக் கூடாது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு அம்மாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அக்ஷதா