அவருக்கு ஊற்றிய வெள்ளை ஒயின்

ஆடி அமாவாசை, இரவு.

ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே இறந்த பிறகு இன்றுதான் முதல் படையல். எங்கள் காஜா பெராங் ஊரில் எங்கேயும் கள்ளு கிடைக்கவில்லை. யுத்தத்துக்கு முன்னால், தோட்டவேலை செய்த அவருக்குத் துரைசாணி கொடுத்த வெள்ளை ஒயினைத்தான் எடுத்தேன். எரிமலை மண்ணில், மாட்டுக்கொம்புக்குள் சாணியை அடைத்துப் புதைத்து எருவாக்கி விளைவித்த திராட்சையில் செய்ததாம். "சீமையிலயும் சாணிதான் புள்ள" என்று சிரிப்பார். சயாமுக்குப் போகும்போது, ஊருக்குத் திரும்பியதும் சேர்ந்து குடிப்போம் என்றார். அதனால் இதுவரை திறக்கவே மனசு வரவில்லை; இன்று திறந்து அவர் குவளையில் ஊற்றினேன்.

நாத்தனார் மோந்து பார்த்தாள். "புளிச்சுப்போச்சு அண்ணி, கீழ ஊத்துங்க."

"இனிப்பில்லாத சரக்குடி அது. உங்க அண்ணனே சொன்னாரு."

படையல் முடிந்து அவர் குவளையில் இருந்ததை நானே குடித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.